கிளேர் சீமாட்டி எலிசபெத்: 26 வயதுக்குள் மூன்று முறை கைம்பெண்

ஏட்டுச்சுருள்

1314ல் ஸ்காட்லாந்திடம் இங்கிலாந்து தோற்ற பேனாக்பர்ன் போர் பற்றிய முந்தைய இழையில் "23 வயது குளொஸ்டர் ஏர்ல் ஈட்டிக்காரர்களுக்கு நடுவே குதிரையை விட்டுச் செத்தான்" என்று ஒரே வரியில் கடந்துபோனோம். ஏர்ல் என்றால் பெரும் பிரபு. அந்த கில்பர்ட் த கிளேருக்கு மூன்று தங்கைகள். அதில் கடைசித் தங்கை எலிசபெத்துக்காகத்தான் இந்த இழை. நான் பிழைப்புக்குத் தணிக்கை பார்க்கிறவன். அந்த அம்மாளின் வீட்டுக் கணக்குச் சுருள்கள் வழியாகத்தான் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆனால் குடும்பக் கதையைச் சொல்லாமல் கணக்குக்குப் போனால் ஒன்றும் விளங்காது.

பிறந்தது 1295 செப்டம்பர் 16, டியூக்ஸ்பரியில். அப்பா கில்பர்ட், தலைமுடி நிறத்தால் "சிவப்பு ஏர்ல்" என்று பெயர் வாங்கியவர், மன்னருக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய நிலக்காரர்களில் ஒருவர். அம்மா ஏக்கர் ஜோன், முதலாம் எட்வர்ட் மன்னரின் மகள். பிள்ளை பிறந்து மூன்று மாதம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். அம்மா சும்மா இருக்கவில்லை. மன்னர் அவருக்கு சவாய் நாட்டுப் பிரபுவைப் பேசிக்கொண்டிருக்க, அவரோ தன் வீட்டிலேயே வேலையில் இருந்த ரால்ஃப் த மான்தர்மர் என்ற சாதாரண வீரனை 1297ல் ரகசியமாகக் கட்டிக்கொண்டார். மன்னருக்கு வந்த கோபத்தில் மாப்பிள்ளை பிரிஸ்டல் கோட்டைச் சிறைக்குப் போனான். கொஞ்ச நாளில் சமாதானம் ஆனது. இப்படிப்பட்ட அம்மாவுக்குப் பிறந்த பெண் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1308 செப்டம்பரில் வால்தம் மடத்தில் ஒரே சமயத்தில் இரண்டு கல்யாணம். நம் ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்போமே, அதேதான். அயர்லாந்தின் அல்ஸ்டர் ஏர்ல் மகன் ஜான் த பர்குக்கு எலிசபெத், அண்ணன் கில்பர்ட்டுக்கு அந்த ஜானின் தங்கை மாட். அல்ஸ்டர் ஏர்லுக்கும் "சிவப்பு ஏர்ல்" என்றே பட்டப்பெயர். எலிசபெத்துக்கு அப்போது 13 வயது. மறு வருடம் அயர்லாந்து போனார். 1312ல் மகன் வில்லியம் பிறந்தான். 1313 ஜூனில் கணவர் கால்வேயில் இறந்தார். 17 வயதில் முதல் கைம்மை.

ஒரு வருடம் கழித்து அண்ணனும் பேனாக்பர்னில் போனான், பிள்ளை இல்லாமல். அங்கே சட்டம் இப்படி: மகன் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். மகன் இல்லாமல் பெண்கள் மட்டும் வாரிசாக வந்தால் சரிபங்கு. கிளேர் குடும்பச் சொத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பவுண்டு வருமானம். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 2,000. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 40 பவுண்டு நில வருமானம் இருந்தாலே ஒருவனை நைட் பட்டம் ஏற்கச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு பெண்ணின் தலைமேல் ஐம்பது நைட்டுகளின் சொத்து.

நெல்லைக்காரன்

அண்ணாச்சி, ஏக்கர் ஜோன் என்றதும் அந்த அம்மாவுக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்க வந்தேன்.

ஏட்டுச்சுருள்

அது நில அளவு இல்லை நெல்லை. பாலஸ்தீனக் கரையில் ஏக்கர் என்று ஒரு துறைமுகம். சிலுவைப்போருக்குப் போன இடத்தில் 1272ல் பிறந்த பிள்ளை, அதனால் அந்தப் பெயர். ஏக்கரும் ஏராளம் இருந்தது, அது வேறு விஷயம்.

கோட்டைவாசல்

சொத்துப் பிரிவினையை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அதில்தான் வேடிக்கையே இருக்கிறது.

கில்பர்ட் இறந்ததும் அவன் மனைவி மாட் "நான் கர்ப்பமாக இருக்கிறேன்" என்றாள். பிள்ளை பிறந்தால் முழுச் சொத்தும் அதற்கு, நாத்தனார்கள் மூவருக்கும் ஒரு சல்லி கிடையாது. சரி, காத்திருந்தார்கள். 1314 ஜூனில் கணவன் இறந்தான். 1315 வசந்தம் வந்தது, பிள்ளை வரவில்லை. கோடை வந்தது, அப்போதும் வரவில்லை. 1316லும் அவள் கர்ப்பம்தான்! மற்ற தங்கைகள் இருவரும் பேசாமல் இருக்க, மூத்தவள் எலியனோரின் கணவன் ஹியூ டெஸ்பென்சர் பொறுக்கமாட்டாமல் 1315ல் டன்பிரிட்ஜ் கோட்டையில் ஆட்களோடு புகுந்து உட்கார்ந்துகொண்டான். பிறகு நீதிமன்றத்துக்கும் போனான். மன்னர் தரப்பில் வந்த பதில், உரிய காலத்தில் குழந்தையின் அசைவை அவள் உணர்ந்தாள், அது அந்தப் பகுதி முழுக்கத் தெரிந்த சேதி, இயற்கை சில காரணங்களால் பிரசவத்தைத் தாமதப்படுத்தும் என்று. கர்ப்பத்தைச் சோதிக்கச் சொல்லி நீ ஏன் முன்பே மனுப் போடவில்லை என்று அவனையே திருப்பிக் கேட்டார்கள்.

நீதிபதிகள் முட்டாள்கள் இல்லை. பிரிவினை தள்ளிப்போகும்வரை அந்த நிலங்களின் வருமானம் மன்னர் கையில். இரண்டாம் எட்வர்டுக்குப் பணமுடை. ஆக, மூன்று வருடக் கர்ப்பம். 1317 நவம்பரில்தான் பிரித்துக் கொடுத்தார்கள்.

விசாலம்

அந்த மாட் பெண்ணை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணவன் போன கையோடு ஒரு பிள்ளைக்காக அப்படி நம்பியிருக்கிறாள். பொய்க் கர்ப்பம் என்பது பெண்கள் அறிந்த விஷயம்தான். முதலில் நிஜமாகவே நம்பியிருக்கலாம், அப்புறம் மன்னர் ஆட்களே நம்பச் சொல்லியிருக்கலாம். 1320ல் அவளும் போய்விட்டாள்.

கோட்டைவாசல்

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. என் சிரிப்பு அரசாங்கத்தைப் பார்த்துத்தான்.

ஏட்டுச்சுருள்

இந்த மூன்று வருட இழுபறியில்தான் எலிசபெத்தின் இரண்டாவது, மூன்றாவது கல்யாணங்கள் நடந்தன. அதனால்தான் கோட்டைவாசல் இதைச் சொன்னது நல்லதாயிற்று.

அண்ணன் இறந்ததும் மன்னர் (எலிசபெத்தின் தாய்மாமன்) அவரை அயர்லாந்திலிருந்து வரவழைத்து பிரிஸ்டல் கோட்டையில் வைத்தார். அங்கிருந்து 1316 பிப்ரவரி 4 அன்று தியோபால்ட் த வெர்டன் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொண்டான். அயர்லாந்தில் மன்னரின் பிரதிநிதியாக இருந்தவன், மனைவியை இழந்தவன், மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். மன்னர் அனுமதி இல்லை. பெரிய ரகளை. ஆனால் ஆறே மாதம், ஜூலை இறுதியில் அவனும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். எலிசபெத் கர்ப்பம்.

மருதாணி

"தூக்கிக்கொண்டு போனான்" என்று எப்படி அவ்வளவு உறுதியாக எழுதுகிறீர்கள்? லிங்கன் நாடாளுமன்றத்தில் விசாரித்தபோது தியோபால்ட் சொன்னது வேறு. அயர்லாந்திலேயே எங்களுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, அவளாகத்தான் கோட்டையை விட்டு ஒரு மைல் தூரம் வந்து என்னைச் சந்தித்தாள், அவள் சம்மதத்தோடுதான் கட்டிக்கொண்டேன் என்றான். மன்னரைக் கேட்டால் கடத்தல். கேட்க வேண்டியவளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இவள் அம்மா ஜோன் செய்ததை மறந்துவிட்டீர்களா? அப்பனைக் கேட்காமல் வீட்டு வேலைக்காரனைக் கட்டிக்கொண்டவளின் மகள். அம்மா செய்தால் காதல், மகள் செய்தால் கடத்தலா?

கோட்டைவாசல்

கடத்தினவன் "அவளாகத்தான் வந்தாள்" என்று சொல்லாத ஊர் எது? அபராதத்திலிருந்து தப்ப அவனுக்கு வேறு என்ன வாதம் இருக்கிறது?

சட்டத்தையும் பார்க்கவேண்டும். 1215 மக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்தின் 8வது பிரிவு, கைம்பெண் மறுமணம் வேண்டாம் என்றால் யாரும் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே, மன்னரிடம் நிலம் வைத்திருந்தால் அவர் அனுமதி இல்லாமல் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் உறுதி கொடுக்கவேண்டும். கட்டாயப்படுத்தவும் முடியாது, இஷ்டப்படி கட்டிக்கொள்ளவும் முடியாது. நடுவில் ஒருவன் குதிரையில் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டால், கல்யாணம் கல்யாணம்தான், அபராதம் கட்டினால் தீர்ந்தது. இந்தக் குடும்பத்திலேயே இன்னும் இரண்டு உதாரணம். கணவன் டெஸ்பென்சர் செத்த பிறகு அக்கா எலியனோரை 1329ல் வில்லியம் லா ஸூச் இப்படித்தான் கட்டினான். இன்னொரு அக்கா மார்கரெட்டின் மகளை 1336ல் ரால்ஃப் ஸ்டாஃபர்ட் கொண்டுபோனான். சொத்துள்ள பெண் என்றால் வேலி தாண்டி வந்து பறிக்கிற மாங்காய்.

மருதாணி

அந்த மூன்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். எலிசபெத் பின்னாளில் தன் மூன்று கணவர்களுக்கும் சேர்த்தே வேண்டுதல் வைத்தார். தியோபால்டை விட்டுவிடவில்லை. பலவந்தம் பண்ணினவனுக்கு நாற்பது வருடம் கழித்து உயிலில் யாராவது ஆன்மசாந்தி கேட்பார்களா?

விசாலம்

கேட்பார்கள் மருதாணி. அந்தக் காலத்தில் அது கடமை, பிள்ளையின் தகப்பன் அல்லவா. அதை வைத்து உள்ளத்தை அளக்க முடியாது. நீங்கள் இரண்டு பேர் சொல்வதும் இருக்கலாம். பிரிஸ்டல் கோட்டையில் மாமன் தனக்கு எவனைக் கட்டிவைக்கப் போகிறாரோ என்று காத்திருந்த 20 வயதுப் பெண்ணுக்கு, அயர்லாந்தில் தெரிந்த முகம் ஒன்று வந்து நின்றால் அதுவே மேல் என்று தோன்றியிருக்கும். அதைக் காதல் என்றும் சொல்லவேண்டாம், கடத்தல் என்றும் சொல்லவேண்டாம்.

நான் நினைத்துப் பார்ப்பது அதற்குப் பிந்திய மாதங்களை. ஏம்ஸ்பரி கன்னியர் மடத்தில் சித்தி மேரி துறவியாக இருந்தார், ஜோனின் கூடப்பிறந்த தங்கை. அங்கே போய்த் தங்கி 1317 மார்ச் 21ல் பெண் பெற்றார். அரசி இசபெல்லாவே ஞானத்தாய், குழந்தைக்கு அவர் பெயர். பேறுகாலத்துக்குத் தாய்வீடு இல்லாத பெண்ணுக்கு சித்தி இருந்த மடம். அந்தச் சில மாதம்தான் யாரும் அவரைத் துரத்தாமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஏட்டுச்சுருள்

துரத்தாமல் எங்கே இருந்தார்கள் அக்கா? அதே மாதங்களில்தான் மன்னர் ரோஜர் டமோரியைக் கட்டிக்கொள் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகுமுன் மூன்றாவது கல்யாணம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மார்கரெட்டின் முதல் கணவன் பியர்ஸ் கவெஸ்டன், இரண்டாவது கணவன் ஹியூ ஆட்லி. எலியனோரின் கணவன் ஹியூ டெஸ்பென்சர். எலிசபெத்தின் கணவன் டமோரி. நான்கு பேருமே வெவ்வேறு சமயத்தில் இரண்டாம் எட்வர்டின் செல்லப்பிள்ளைகள். தனக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுக்க மன்னரிடம் காலி நிலம் அவ்வளவாக இல்லை, அக்காள் பெண்கள் மூவர் இருந்தார்கள். ஆட்களைக் கைதூக்கிவிட அவர் கண்டுபிடித்த வழி இது. டெஸ்பென்சர் கல்யாணம் மட்டும் அவர் அப்பா முதலாம் எட்வர்ட் காலத்திலேயே நடந்தது.

நெல்லைக்காரன்

தாய்மாமன் சீர் என்றால் இதுதான் போல. நம் ஊரில் மாமன் தங்கக் காப்புப் போடுவான், இவன் மாப்பிள்ளையையே போட்டுவிட்டான்.

ஏட்டுச்சுருள்

போட்டதை அப்புறம் பிடுங்கவும் செய்தான்.

பிரிவினையில் டெஸ்பென்சருக்கு தெற்கு வேல்ஸில் கிளேமோர்கன் கிடைத்தது. பக்கத்தில் ஆட்லிக்கும் டமோரிக்கும் வந்த நிலங்கள். மூன்று சகலைகள், அடுத்தடுத்த வரப்பு. மற்ற இரண்டு பங்கும் தன் கையில் வரவேண்டும் என்பதுதான் டெஸ்பென்சரின் ஆசை, அதற்குள் மன்னரின் முதன்மைச் செல்லப்பிள்ளையும் அவனாகிவிட்டான். முதலில் ஆட்லியின் நிலத்தைச் சுருட்டினான். 1321ல் எல்லைப் பிரபுக்கள் எல்லாரும் சேர்ந்து அவன்மேல் பாய்ந்தார்கள், டமோரியும் அதில் ஒருவன். 1322ல் மன்னர் பக்கம் கை ஓங்கியது. காயம்பட்ட டமோரி டட்பரியில் பிடிபட்டான். மரணதண்டனை சொன்னார்கள், முன்பு பிரியமாக இருந்தவன், மருமகளைக் கட்டியவன் என்று நிறுத்தியும் வைத்தார்கள். அவன் மார்ச் மாதம் தானே செத்துப்போனான். எலிசபெத்தையும் பிள்ளைகளையும் அவர் பங்கில் வந்த அஸ்க் கோட்டையில் பிடித்து பார்க்கிங் மடத்துக்கு அனுப்பினார்கள். (அதுவும் ஊர்ப் பெயர்தான் நெல்லை, வண்டி நிறுத்துமிடம் இல்லை.)

26 வயது. மூன்றாவது கைம்மை. மூன்று கணவர்களுக்கும் ஆளுக்கொரு பிள்ளை: வில்லியம் த பர்க், இசபெல்லா த வெர்டன், எலிசபெத் டமோரி.

அப்புறம் நடந்தது சுத்தமான ரவுடித்தனம். அஸ்க்கைக் கொடு, பதிலுக்கு கௌர் நிலத்தை எடுத்துக்கொள் என்றான் டெஸ்பென்சர். கௌர் மதிப்பில் குறைவு. 1322 கிறிஸ்துமஸுக்கு யார்க் நகருக்கு அழைத்து, கூட வந்த ஆலோசகர்களைப் பிரித்து, கையெழுத்துப் போடாவிட்டால் மன்னரிடமிருந்து ஒரு காணி நிலமும் கிடையாது என்று மிரட்டி வாங்கினார்கள். சரி, கௌராவது மிஞ்சியதா? வில்லியம் த பிரயோஸ் என்ற பழைய உரிமைக்காரனை வைத்து வழக்குப் போட வைத்து அதையும் அவள் கையிலிருந்து கழற்றி, கடைசியில் டெஸ்பென்சரே எடுத்துக்கொண்டான். எல்லாம் சட்டப்படி, முத்திரை வைத்து. நில மோசடி வழக்குக் கோப்பு பார்த்தவர்களுக்கு இந்த வாசனை நன்றாகத் தெரியும்.

1326 மே மாதம் கிளேரில் ஒரு பத்திர எழுத்தரை வைத்து இவ்வளவையும் வரிசையாக எழுதிவைத்தார் எலிசபெத். மன்னருக்கும் டெஸ்பென்சருக்கும் பயந்துதான் ஒப்புக்கொண்டேன், இது என் மனமறிந்த சம்மதம் இல்லை என்று. ரகசியமாக.

மருதாணி

ரகசியமாக எழுதிவைத்து யாருக்கு என்ன லாபம்? டெஸ்பென்சர் அப்போது உச்சத்தில் இருந்தான்.

ஏட்டுச்சுருள்

அதுதான் அவருடைய புத்தி. இன்றைக்கு வழக்காட முடியாது என்று தெரியும். என்றைக்காவது ஆட்சி மாறினால் "நீயேதான் கையெழுத்துப் போட்டாய்" என்பார்கள். அப்போது காட்டுவதற்கு, காற்று மாறுவதற்கு முன்பே தேதி போட்ட ஒரு தாள் வேண்டும். நாங்கள் புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்வதும் இதுதான், தகராறு வந்தபிறகு எழுதிய குறிப்புக்கு மதிப்பில்லை.

நான்கே மாதத்தில், செப்டம்பரில், அரசி இசபெல்லா தன் கணவரான மன்னருக்கும் டெஸ்பென்சருக்கும் எதிராகப் படையோடு வந்து இறங்கினார். நவம்பர் 24ல் ஹெரஃபோர்டில் டெஸ்பென்சரைத் தூக்கில் ஏற்றினார்கள். அஸ்க் எலிசபெத்திடம் திரும்பியது. அதன்பின் யாருக்கும் கழுத்தை நீட்டவில்லை. பெயர் மட்டும் முதல் கணவருடையதையே வைத்துக்கொண்டார், எலிசபெத் த பர்க், கிளேர் சீமாட்டி என்று.

இனி என் விஷயம். 1322 முதல் 1360 வரை 38 ஆண்டு. அவர் வீட்டுக் கணக்குச் சுருள்கள் நூற்றை ஒட்டி மிஞ்சியிருக்கின்றன, லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில். பிரபு வீடுகளில் இவ்வளவு யாருக்கும் மிஞ்சவில்லை. தோலில் எழுதித் தைத்துச் சுருட்டியவை, லத்தீன். நிதியாண்டு செப்டம்பர் 29, மிக்கேல் திருநாளில் தொடங்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பதிவு: ரொட்டி இத்தனை, ஏல் என்ற தானிய மது இத்தனை கேலன், ஒயின், சமையலறை, கடைசியில் லாயம். எத்தனை குதிரை, எவ்வளவு ஓட்ஸ். குதிரை எண்ணிக்கை திடீரென்று ஏறினால் விருந்தாளி வந்திருக்கிறார் என்று பொருள். கையிருப்பிலிருந்து எடுத்தது தனி, காசு கொடுத்து வாங்கியது தனி. புதன், வெள்ளி, சனி இறைச்சி இல்லை, உப்பு ஹெர்ரிங் மீன், கருவாடு. மிளகு, இஞ்சி எல்லாம் வாங்குகிறார்கள். அந்த மிளகு எந்தக் கரையில் ஏற்றப்பட்டது என்று நமக்குத் தெரியும், எழுதின குமாஸ்தாவுக்குத் தெரிந்திருக்காது.

1343ல் யார் யாருக்கு எவ்வளவு துணி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள், நைட்டிலிருந்து லாயப் பையன் வரை, தரத்துக்கு ஏற்ற துணி. ஒரு நடுத்தரக் கம்பெனியின் சம்பளப் பட்டியல் போல இருக்கும்.

வழிப்போக்கன்

நான் இங்கிலாந்தில் இருப்பதால் ஒருமுறை சஃபோக் பக்கம் கிளேர் ஊருக்குப் போயிருக்கிறேன். சின்ன ஊர். கோட்டையில் மிஞ்சியது உயரமான ஒரு மண்மேடும் அதன் உச்சியில் கொஞ்சம் சுவரும். 1865ல் ரயில் வந்தபோது கோட்டை வளாகத்துக்குள்ளேயே ஸ்டேஷனைக் கட்டிவிட்டார்கள். அப்புறம் ரயிலும் நின்றுபோய், இன்று ஸ்டேஷன் கட்டடம் பூங்காவின் நடுவே நிற்கிறது. மேட்டில் ஏறி மூச்சு வாங்கியதுதான் ஞாபகம். அவருடைய அம்மா ஜோனை அடக்கம் செய்த அகுஸ்தீன் சபை மடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே 1953ல் அதே சபைத் துறவிகள் திரும்ப வந்து குடியேறியிருக்கிறார்கள்.

கல்லூரியை யாரும் இன்னும் சொல்லவில்லையே? கேம்பிரிட்ஜில் 1326ல் தொடங்கி நொடித்துக்கொண்டிருந்த யுனிவர்சிட்டி ஹாலை 1338ல் இவர் எடுத்துக் காப்பாற்றினார். அதுதான் கிளேர் கல்லூரி. அங்கே பீட்டர்ஹவுஸ் கல்லூரிக்கு அடுத்துப் பழையது. 1359ல் விதிகள் எழுதிக் கொடுத்தார். கொள்ளைநோய் ஏராளமான மனிதர்களைக் கொண்டுபோய்விட்டது, படித்தவர்கள் பற்றவில்லை என்று அதன் முன்னுரையிலேயே வருகிறது. பதினோரு வருடம் முன்பு நேரில் பார்த்தவர் சொல்வது. ஏழைப் பையன்களைப் படிக்கவைக்கவும் அந்த விதிகளில் இடம் உண்டு.

வாசலில் கல்லூரிச் சின்னம் பார்த்தேன். ஒரு பாதியில் கிளேர் குடும்பத்தின் மூன்று சிவப்புப் பட்டைகள், மறு பாதியில் த பர்க் குடும்பத்தின் சிவப்புச் சிலுவை. சுற்றி கறுப்பு விளிம்பு, அதன்மேல் தங்கத் துளிகள். கண்ணீர்த் துளிகள் என்கிறார்கள்.

விசாலம்

அந்தக் கல்லூரியில் பெண்களைப் படிக்கச் சேர்த்தது எந்த வருடம் என்று பார்த்தீர்களா?

வழிப்போக்கன்

1972.

விசாலம்

634 வருடம். சரி.

கண்ணீர் என்றீர்களே, கணவர்களுக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மகன் வில்லியம் இருக்கிறான். அவன் அல்ஸ்டரின் வாரிசு, அதனால் அம்மாவோடு வளரவில்லை. 1328ல் அயர்லாந்துக்குப் போனான். அங்கே பங்காளிச் சண்டை. உறவினன் வால்டர் த பர்கைப் பிடித்துக் கோட்டையில் போட்டுப் பட்டினியில் சாகவிட்டான். அந்த வால்டரின் சகோதரி மூட்டிய பழி, 1333 ஜூனில் வில்லியமை அவன் சொந்த ஆட்களே வெட்டிக் கொன்றார்கள். 20 வயது. மருமகள் 11 மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி இங்கிலாந்துக்கு ஓடிவந்தாள்.

மாமியாருக்கு 17ல் வந்த கைம்மை மருமகளுக்கும் இளம் வயதிலேயே வந்தது. அந்தக் கைக்குழந்தைக்கும் எலிசபெத் என்றே பெயர்.

நெல்லைக்காரன்

நம்ம சாசர், கவி சாசர், இந்த அம்மா வீட்டில்தான் எடுபிடி வேலை பார்த்தார் என்று எங்கோ படித்தேன். கணக்கில் துணி வாங்கிக் கொடுத்த செலவுகூட இருக்கிறதாமே?

கோட்டைவாசல்

பாட்டி வீட்டில் இல்லை, பேத்தி வீட்டில். விசாலம் அக்கா சொன்ன கைக்குழந்தைதான். அவளை 1342ல் மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலுக்குக் கட்டிவைத்தார்கள். அவளுடைய வீட்டுக் கணக்கில் 1357 ஏப்ரலில் ஜெஃப்ரி சாசருக்கு ஒரு குட்டைச் சட்டை 4 ஷில்லிங், கறுப்புச் சிவப்புக் கால்சராயும் ஒரு ஜோடி செருப்பும் 3 ஷில்லிங். சாசரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று இதுதான். அந்தத் தாளும் வேறொரு கையெழுத்துப் பிரதியின் அட்டைக்குள் ஒட்டுத்தாளாகக் கிடந்து பின்னர் எடுத்தது.

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். எலிசபெத் த பர்க் என்று மூன்று பேர். ஒருத்தி நம் சீமாட்டி. ஒருத்தி பேத்தி. மூன்றாவது ஸ்காட்லாந்து மன்னன் ராபர்ட் புரூஸின் மனைவி, நம் சீமாட்டியின் முதல் கணவருக்குக் கூடப்பிறந்தவள். அதாவது பேனாக்பர்னில் எதிரெதிரே நின்ற புரூஸும் கில்பர்ட்டும் சகலைகள். அதனாலோ என்னவோ, கில்பர்ட்டின் உடலை மீட்புப் பணம் கேட்காமல் மரியாதையோடு திருப்பி அனுப்பினான் புரூஸ்.

பின்னாளில் லயனலுக்குக் கிளாரன்ஸ் டியூக் பட்டம் வந்தது. அந்தப் பெயர் கிளேரிலிருந்து வந்ததுதான். அவர்களுடைய மகள் ஃபிலிப்பா வழியில் மார்ட்டிமர், அதன் வழியில் யார்க் குடும்பம், நான்காம் எட்வர்ட். யார்க், லங்காஸ்டர் குடும்பங்கள் அரியணைக்காக மோதிய ரோஜா யுத்தத்தில் யார்க் பக்கம் அரியணைக்குக் காட்டிய வம்சாவளி இந்தப் பேத்தி வழியாகத்தான் ஓடுகிறது.

மருதாணி

ஏட்டுச்சுருள் அண்ணா, உங்கள் முதல் பதிவிலிருந்தே ஒன்று உறுத்துகிறது. கைம்பெண் ஆனபிறகுதான் வாழ்க்கை தொடங்கியது என்பது போல எழுதுகிறீர்கள். "38 ஆண்டு" என்று சொல்லும்போதே ஒரு சந்தோஷம் தெரிகிறது.

ஏட்டுச்சுருள்

தெரிகிறதா? மறைக்கவில்லை. கணவன் இருக்கும்வரை இங்கிலாந்துச் சட்டத்தில் மனைவியின் நிலத்தை ஆள்வது அவன். வழக்கு அவன் பெயரில், முத்திரை அவனுடையது. கைம்பெண் ஆனால்தான் அவள் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். தன் பிறந்தவீட்டுப் பங்கும் கைம்பெண் பங்காகக் கணவர்களின் நிலத்தில் மூன்றில் ஒன்றும் ஆயுள்வரை அவள் கையில். இவருக்கு மூன்று கணவர்கள். டமோரி பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, மற்ற இரண்டும் உண்டு. கைம்பெண் என்றதும் நம் மனதில் வருகிற மூலையில் உட்கார்ந்த உருவத்தை இங்கே எடுத்துவைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்லவந்தது.

கோட்டைவாசல்

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 2,000 பவுண்டு வானத்திலிருந்து விழவில்லை. குடியானவன் வாரத்தில் சில நாள் பண்ணையில் கூலியில்லாமல் உழவேண்டும், மகளைக் கட்டிக்கொடுக்கப் பணம், அப்பன் செத்தால் நல்ல மாடு ஒன்று. வேல்ஸ் குடிகளிடம் தனி வசூல். 1349 கொள்ளைநோய்க்குப் பின் ஆள் இல்லாமல் கூலி ஏறியபோது அதை ஏறவிடாமல் சட்டம் போட்டதும் இவர் வர்க்கம்தான். அவர் நல்ல நிர்வாகி, மறுக்கவில்லை. நல்ல நிர்வாகி என்றால் பாக்கியை விடமாட்டார் என்றும் பொருள்.

ஏட்டுச்சுருள்

அந்த அடி எனக்கு வேண்டியதுதான். கணக்கில் தர்மம் என்று வரும் தொகையைப் பார்த்து நானும் உருகியிருக்கிறேன். ஏழைகளுக்கு ரொட்டியும் ஹெர்ரிங்கும் என்று ஒரு பக்கம், எதிர்ப் பக்கத்தில் அபராத வரவு. இரண்டும் ஒரே கையெழுத்து.

விசாலம்

சிநேகிதிகள் யாராவது இருந்தார்களா? இவ்வளவு கதையிலும் ஒரு தோழி வரவில்லை.

ஏட்டுச்சுருள்

இருந்தார் அக்கா. மரி த சான் போல், பெம்புரோக் சீமாட்டி. பிரான்சிலிருந்து வந்தவர், 1324ல் கணவரை இழந்து இவரைப் போலவே மறுமணம் செய்யாமல் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். 1347ல் கேம்பிரிட்ஜில் பெம்புரோக் கல்லூரியைத் தொடங்கியவரும் அவரே. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தார்கள். 1355 செப்டம்பரில் எழுதிய உயிலில் மரிக்கும் பொருள் வைத்திருக்கிறார். பிரெஞ்சு மொழியில் எழுதிய நீளமான உயில், வேலையாட்களைப் பெயர் சொல்லிச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போகிறது. அரச குடும்பத்துக்கு வைத்த பொருளைவிட அந்த வரிசையைத்தான் நான் நிதானமாக வாசிப்பேன்.

கடைசிக் காலத்தில் லண்டனில், ஆல்ட்கேட் வாசலுக்கு வெளியே, மைனரஸ் கன்னியர் மடத்து வளாகத்துக்குள்ளேயே 1352ல் வீடு கட்டிக்கொண்டார். அது அசிசி கிளாரா நிறுவிய சபை. கிளேர் சீமாட்டி போய்ச் சேர்ந்தது கிளேர் சபையில், ஆனால் இரண்டு பெயருக்கும் சம்பந்தம் இல்லை, ஒன்று ஊர், மற்றது புனிதை. 1360 நவம்பர் 4ல் இறந்தார், 65 வயது. அங்கேயே அடக்கம்.

நெல்லைக்காரன்

மூன்று கணவர்களில் யார் பக்கத்திலும் இல்லையா?

ஏட்டுச்சுருள்

இல்லை. கன்னியர்கள் நடுவில்.

வழிப்போக்கன்

அந்த மடம் எட்டாம் ஹென்றி காலத்தில் போய்விட்டது. இடத்துக்கு மைனரீஸ் என்று தெருப்பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1964ல் அங்கே தோண்டியபோது ஆன் மௌபிரே என்ற சிறுமியின் ஈயச் சவப்பெட்டி கிடைத்தது, லண்டன் கோபுரக் கோட்டையில் மறைந்துபோன இரண்டு இளவரசர்களில் சின்னவனுக்குக் கட்டிவைத்த பெண். ஆறு நூற்றாண்டு கழித்தும் அந்தத் தெருவில் குழந்தைக் கல்யாணத்துப் பெண்தான் கிடைத்தாள் பாருங்கள். நம் சீமாட்டியின் கல்லறை எதுவும் இல்லை.

என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. தினமும் அந்தத் தெருவைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கிறேன், இதுவரை நின்று பார்த்ததில்லை. நாளை சாப்பாட்டு நேரத்தில் போய் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

விசாலம்

படம் எடுத்தால் போடுங்கள்.